எடை மேடையிலிருந்து ஆபீஸ் வரை: மீடியா கன்வெர்ட்டரை ஒழுங்காக மாட்டும் முறை

பங்குனி கடைசி. பிசான நெல் அறுப்பு முடிகிற நேரம். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நெல் லாரிகள் ரோடு வரை வரிசை கட்டி நின்றன. முந்தின நாள் சாயங்காலம் கோடை மழையோடு ஒரு இடி விழுந்திருக்கிறது. "தம்பி, வாசல்ல எடை விழுது, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வரமாட்டேங்கு, கொஞ்சம் வெரசா வாங்க" என்று ஆலை அண்ணாச்சி போன் செய்தார். போய்ப் பார்த்தால், எடை மேடைக்கும் ஆபீசுக்கும் நடுவே 280 மீட்டருக்கு யாரோ முன்பு கேட்-6 செப்பு லேன் கேபிளை இழுத்து, வழியில் இரண்டு இடத்தில் சுவிட்ச் வைத்து ஒட்டியிருந்தார்கள். அந்த இரண்டு சுவிட்சும், ஆபீஸ் சுவிட்சும், கம்ப்யூட்டரின் லேன் போர்ட்டும் போய்விட்டன. இத்தனைக்கும் இடி கேபிள் மேல் விழவே இல்லை, பக்கத்துத் தென்னையில்தான் விழுந்தது.

இடி விழுந்த இடத்தைச் சுற்றி மண்ணில் மின்னழுத்தம் ஒரு கணம் ஏறும். அருகே இருக்கிற கட்டடத்தின் எர்த் அதிகமாகவும், தள்ளியிருக்கிற கட்டடத்தின் எர்த் குறைவாகவும் ஏறும். இரண்டுக்கும் நடுவே செப்புக் கம்பி இருந்தால், அந்த வித்தியாசம் அத்தனையும் அதன் வழியாகத்தான் ஓடும், நடுவில் இருக்கிற சின்னச் சின்ன சிப்புகள் தாங்காது. கண்ணாடி இழையில், அதாவது ஃபைபரில், மின்சாரம் ஓடாது. தூரம் 100 மீட்டருக்குள் இருந்தால்கூட, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகிற கேபிள் என்றால் நான் ஃபைபர்தான் போடச் சொல்வேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் நம்ம பக்கம் இடிக்கிற இடிக்கு இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அந்த ஆலையில் செய்த வேலையை வைத்தே முழு முறையையும் சொல்கிறேன். ஆலை, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், தோட்டத்து பம்ப்செட் அறைக்கு கேமரா என்று எங்கே போட்டாலும் வேலை ஒன்றுதான். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பச்சை விளக்கு எரிவது வேறு, லிங்க் மழையிலும் வெயிலிலும் நிற்பது வேறு. விளக்கு எரிய வைக்கப் பத்து நிமிடம் போதும், மீதி வேலை எல்லாம் அது நிற்பதற்காகத்தான்.

வாங்கும்போது

மீடியா கன்வெர்ட்டர் என்பது ஒரு பக்கம் சாதாரண லேன் போர்ட்டும் மறுபக்கம் ஃபைபர் போர்ட்டும் உள்ள சின்னப் பெட்டி. இரண்டு முனைக்கும் ஒவ்வொன்று வேண்டும். கடையில் "ரெண்டு கன்வெர்ட்டர் கொடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கிவிட்டு வந்து, அப்புறம் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் ஊருக்குமாக அலைந்தவர்கள் நிறையப் பேர். நான்கு விஷயம் பொருந்த வேண்டும்.

முதலாவது, ஒற்றை இழையா இரட்டை இழையா. இரட்டை இழை என்றால் ஒன்றில் அனுப்பும், இன்னொன்றில் வாங்கும். ஒற்றை இழை கன்வெர்ட்டர் ஒரே இழையில் இரண்டு நிற ஒளியை எதிரெதிராக அனுப்பும், நம் கண்ணுக்கு இரண்டுமே தெரியாது. ஏ என்று குறித்த பெட்டி 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கும், பி பெட்டி 1550-இல் அனுப்பி 1310-இல் வாங்கும். ஒரு முனையில் ஏ இருந்தால் மறுமுனையில் பி இருந்தே ஆக வேண்டும். இரண்டு ஏ வாங்கிவிட்டால் எத்தனை முறை ஸ்ப்ளைஸ் செய்தாலும் (இழை முனைகளை உருக்கி ஒட்டினாலும்) லிங்க் வராது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைக் கடையிலேயே படித்துவிடுங்கள்.

இரண்டாவது, வேகம். லேன் போர்ட் பக்கம் பெரும்பாலும் தானாகப் பேசி ஒத்துப்போகும், ஆனால் ஃபைபர் பக்கம் 100 கன்வெர்ட்டரும் 1000 கன்வெர்ட்டரும் ஒன்றோடொன்று பேசாது. ஒரு முனை கெட்டுப்போய் அவசரத்துக்கு வேறு ஒன்றை மாற்றும்போது பெரும்பாலும் இதில்தான் மாட்டுவோம். புதிதாகப் போடுகிறவர்கள் இரண்டு பக்கமும் ஜிகாபிட்டே, அதாவது 1000 வகையே, வாங்குங்கள். ஒரு 4 மெகாபிக்சல் கேமரா சுமார் 4 மெகாபிட் எடுக்கும், பதினாறு கேமரா சேர்ந்தால் 64, 100-இல் அதுவே நெருக்கம்.

மூன்றாவது, இழையின் வகை. ஒளி ஓடுகிற மையம் சிங்கிள் மோடு இழையில் 9 மைக்ரான், மல்டி மோடில் 50 அல்லது 62.5. பழைய கட்டடத்துக்குள் யாரோ போட்டுவைத்த ஆரஞ்சு நிற மல்டி மோடு கேபிள் இருந்தால் அதற்கேற்ற 850 நானோமீட்டர் கருவி வேண்டும், ஜிகாபிட்டில் அது சில நூறு மீட்டர் தூரம்தான் போகும். புதுசு என்றால் யோசிக்காமல் சிங்கிள் மோடு, நம் ஊரில் கேபிள் டிவிக்காரர் முதல் எல்லோரும் ஸ்ப்ளைஸ் செய்வது அதைத்தான்.

நான்காவது, கனெக்டரின் நிறம். நீலம் நேராகத் தேய்த்த முகம், பச்சை 8 டிகிரி சாய்த்துத் தேய்த்த முகம். கன்வெர்ட்டரில் வருவது பெரும்பாலும் நீலம், வீட்டு ஃபைபர் இணைப்புக் கம்பிகளில் வருவது பெரும்பாலும் பச்சை. பச்சையை நீலத்தில் செருகினால் உள்ளே போகும், கிளிக் என்று சத்தமும் வரும், சில நேரம் விளக்கும் எரியும். ஆனால் இரண்டு முகமும் முழுசாக ஒட்டாததால் ஒளி பாதி வழியிலேயே போய்விடும், செருகிய இரண்டு முகமும் சேதப்படவும் செய்யும்.

தூரத்தைப் பொறுத்தவரை 20 கிலோமீட்டர் வகை போதும். "பெரிசா இருக்கட்டும்" என்று 80 கிலோமீட்டர் வகையை 280 மீட்டருக்குப் போட்டால், வந்து சேருகிற ஒளி அளவுக்கு மீறிப்போய் வாங்குகிற பக்கம் திணறும், வருஷக்கணக்கில் அப்படியே ஓடினால் கெட்டும் போகும். கையில் இருப்பது அதுதான் என்றால் நடுவில் ஒளியைக் குறைக்கிற 10 டெசிபல் அட்டெனுவேட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

கேபிள்

ஆலையில் எலி உண்டு, தோப்பில் அணில் உண்டு. அதனால் எஃகு உறை போட்ட கேபிள் நல்லது. ஆனால் அந்த எஃகு உறையும் உலோகம்தானே, இடியை அது சுமந்துகொண்டு வரும். அதை அப்படியே கன்வெர்ட்டர் இருக்கும் பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டால் ஃபைபர் போட்ட பலன் பாதி போய்விடும். கட்டடத்துக்குள் நுழைகிற இடத்திலேயே உறையை வெட்டி நிறுத்தி, ஒரு முனையில் மட்டும் எர்த்தோடு சேர்த்து, மறுமுனையை எதிலும் படாமல் டேப் சுற்றிவிடுங்கள். மண்ணுக்குள் போனால் எச்.டி.பி.ஈ. குழாய்க்குள் விட்டு இரண்டரை அடி ஆழமாவது தோண்டுங்கள். குழாயின் மேலே ஒரு அடி தள்ளி எச்சரிக்கை நாடாவும் போட்டுவிட்டால், ஜே.சி.பி. வாளியில் கேபிள் மாட்டுவதற்கு முன் நாடா மாட்டும்.

கம்பத்தில் தொங்கவிடுகிறவர்களுக்கு வேறு சிக்கல். பணகுடி, வள்ளியூர் பக்கம் ஆனி, ஆடிக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, காற்றாலை நிற்கிற ஊர் அது. தாங்கு கம்பியோடு கூடிய கேபிளாக வாங்கி, தாங்கு கம்பியைத்தான் கிளாம்பில் பிடிக்க வேண்டும். கேபிளைப் பிடித்து இறுக்கினால் ஆடி ஆடி இழை அந்த இடத்திலேயே முறியும். எங்கே வளைத்தாலும் கேபிள் தடிமனைப் போல் பத்து மடங்கு ஆரம் இருக்கட்டும், இழுக்கும்போது இருபது மடங்கு. இரண்டு முனையிலும் பத்து மீட்டர் சுருட்டி வையுங்கள். அதிகம் என்று தோன்றும். ஒருமுறை அறுந்து திரும்ப ஸ்ப்ளைஸ் செய்கிற அன்று அந்தப் பத்து மீட்டரின் அருமை தெரியும்.

ஒற்றை இழை கன்வெர்ட்டர்தான் என்றாலும் கேபிள் ஆறு இழையாவது வாங்குங்கள். விலை வித்தியாசம் கொஞ்சம்தான். குறைந்தது இரண்டு இழையையாவது இரண்டு முனையிலும் பிக்டெயில் (ஒரு முனையில் கனெக்டர் உள்ள சின்ன இழைத் துண்டு) போட்டுத் தயாராக வையுங்கள்.

மேஜையில் ஒரு முறை

தளத்துக்குக் கிளம்புவதற்கு முன் இரண்டு பெட்டியையும் மேஜையில் வைத்து மூன்று மீட்டர் பேட்ச் கார்டால் இணையுங்கள். ஒரு பக்கம் லேப்டாப், மறுபக்கம் இணையம் வருகிற சுவிட்ச். ஓடினால் பெட்டிகள் நல்லவை, ஏ-பி சரி, வேகம் சரி, அடாப்டர் சரி. இனி தளத்தில் தகராறு வந்தால் கேபிளிலும் கனெக்டரிலும் மட்டும் தேடினால் போதும். இந்தக் கால் மணி நேரத்தை நான் எந்த வேலையிலும் விட்டதில்லை.

அப்போதே பவர் மீட்டரை வைத்து ஒவ்வொரு பெட்டியும் அனுப்புகிற ஒளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மீட்டரை அந்தப் பெட்டியின் அலைநீளத்துக்கு மாற்ற மறக்க வேண்டாம், ஏ பெட்டிக்கு 1310, பி பெட்டிக்கு 1550. எனக்கு அன்று ஏ பெட்டி மைனஸ் 8 டிபிஎம் காட்டியது. டிபிஎம் என்பது ஒளியின் அளவு, மைனஸுக்குப் பின் வருகிற எண் பெரிதானால் ஒளி குறைவு. ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கக் கூடாது. ஒளி தெரியாது என்பதால்தான் அது ஆபத்து.

டிப் சுவிட்ச்

பெட்டியின் பக்கத்திலோ அடியிலோ நான்கு சின்ன சுவிட்ச் இருக்கலாம். பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை. முக்கியமானது எல்.எஃப்.பி. என்று போட்டிருப்பது. ஒரு முனையில் லேன் கேபிள் கழன்றால் மறுமுனையின் லேன் விளக்கையும் அணைத்துவிடும், அப்போதுதான் ஆபீஸில் இருக்கிற சுவிட்சுக்கு அந்தப் பக்கம் எதுவோ போய்விட்டது என்று தெரியும். நல்ல வசதிதான். ஆனால் மாட்டுகிற அன்று இது ஆன் நிலையில் இருந்தால் குழப்பிவிடும். ஆலையில் முதல் நாள் ஆபீஸ் பக்கம் கேபிளைச் செருகினேன், லேன் விளக்கு வரவே இல்லை. கேபிளை மாற்றினேன், சுவிட்ச் போர்ட்டை மாற்றினேன், பெட்டி மேல் சந்தேகப்பட்டேன். அரை மணி நேரம் கழித்து, எடை மேடை அறையில் இருந்த பையன் அந்தப் பக்கக் கேபிளைச் செருகினான், இங்கே விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து மாட்டும்போது எல்.எஃப்.பி.யை ஆஃப் செய்துவிட்டு, எல்லாம் ஓடிய பிறகுதான் ஆன் செய்கிறேன்.

அடுத்தது ஆட்டோ அல்லது கட்டாய வேகம். ஆட்டோவில் விடுங்கள். ஒரு பக்கம் 100 ஃபுல் என்று கட்டாயப்படுத்தி, மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், ஆட்டோ பக்கம் எதிராளியோடு பேச முடியாமல் ஹாஃப் டியூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) என்று எடுத்துக்கொள்ளும். லிங்க் இருக்கும், பிங்கும் போகும், ஒரு பெரிய ஃபைலை நகலெடுத்தால் நத்தை வேகம். ஜிகாபிட் செப்புக் கேபிளுக்கோ ஆட்டோ கட்டாயம் வேண்டும்.

மாட்டுதல்

சுவரில், தரையிலிருந்து நான்கு அடிக்கு மேல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஜங்ஷன் பகுதியே தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்கள் பெட்டியைத் தரையில் வைக்க மாட்டார்கள். தகரப் பெட்டிக்குள் வைத்து வெயில் படுகிற சுவரில் மாட்டினால் அடாப்டரும் கன்வெர்ட்டரும் வெந்துபோகும், நிழல் பக்கச் சுவராகப் பாருங்கள், காற்றோட்டத்துக்குக் கீழே ஓட்டை இருக்கட்டும், அதில் பூச்சி நுழையாமல் வலை ஒட்டிவிடுங்கள்.

நான் பார்த்தவரை லிங்க் போவதற்கு முதல் காரணம் அடாப்டர்தான். பெரும்பாலான பெட்டிகள் 5 வோல்ட், 1 அல்லது 2 ஆம்பியர். கூடவே வருகிற மலிவு அடாப்டர் நம்ம வெயிலுக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் களைத்துவிடும். அப்போது ஒரேயடியாக நிற்காது, விளக்கு மங்கலாகி மத்தியானத்தில் மட்டும் லிங்க் போய்ப் போய் வரும். நல்ல அடாப்டர் ஒன்றைக் கூடுதலாக வாங்கிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். இரண்டு முனைக்கும் யுபிஎஸ் வேண்டும். ஒரு முனைக்கு மட்டும் வைத்துவிட்டு "கரண்ட் போனா லிங்க் போகுது" என்று சொல்பவர்கள் உண்டு, மறுமுனை இருட்டில் இருந்தால் எப்படி வரும்?

ஃபைபர் கரண்டைக் கடத்தாது என்பதால், லேன் கேபிள் வழியாகவே கரண்ட் வாங்குகிற பி.ஓ.ஈ. கேமராவுக்கு அந்த முனையிலேயே பி.ஓ.ஈ. சுவிட்ச் வேண்டும். 24 வோல்ட் எப்போதும் பாய்கிற பழைய வகை பி.ஓ.ஈ. போர்ட்டில் கன்வெர்ட்டரைச் செருகிவிடாதீர்கள், அதன் லேன் போர்ட் போய்விடும்.

துடைத்தல், அளத்தல்

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். ஒளி ஓடுகிற மையம் 9 மைக்ரான், தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அரிசி ஆலையில் காற்றிலேயே தவிட்டுத் தூசி மிதக்கும். மூடியைக் கழற்றி அரை நிமிடம் பேசிக்கொண்டிருந்தாலே முகத்தில் படிந்துவிடும். ஒவ்வொரு முறை செருகுவதற்கு முன்னும் இழை முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த நூல் உதிராத துணியில் ஒரே திசையில் ஒருமுறை துடைத்து, உலர்ந்த துணியில் ஒருமுறை துடைத்துவிட்டுச் செருகுங்கள். சட்டை நுனி வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஆவி அப்படியே ஒட்டும்.

அப்புறம் கணக்கு. சிங்கிள் மோடு இழையில் 1310-இல் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல் இழப்பு, நமக்கு 280 மீட்டர் என்பதால் 0.1. இரண்டு முனையிலும் ஸ்ப்ளைஸ், ஒவ்வொன்றும் 0.1 என்று 0.2. கனெக்டர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 0.5 என்று தாராளமாக வைத்தால் 1. மொத்தம் 1.3. மைனஸ் 8-இல் கிளம்பிய ஒளி மறுமுனையில் மைனஸ் 9.3 சுமாருக்கு வர வேண்டும். ஆலையில் எடை மேடை முனையில் வைத்துப் பார்த்தேன், மைனஸ் 19. விளக்கு பச்சையாக எரிகிறது, பிங் போகிறது, எடையும் விழுகிறது. அண்ணாச்சி "ஓடுதுல்லா தம்பி, விடுங்க" என்கிறார். இந்த வகைப் பெட்டிகள் மைனஸ் 20-ஐ ஒட்டியோ கொஞ்சம் கீழேயோ வரைதான் வாங்கும். இன்னும் கொஞ்சம் தூசியோ ஈரமோ சேர்ந்தால் முடிந்தது. கனெக்டரைக் கழற்றித் துடைத்தேன், துணியில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது, தவிடு. திரும்ப அளந்தால் மைனஸ் 9.6. கிட்டத்தட்ட பத்து டெசிபல் கூடிவிட்டது, பத்து டெசிபல் என்றால் பத்து மடங்கு ஒளி. எதிர்த் திசையிலும் அளந்துவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் மோசமாக இருப்பதும் உண்டு.

எடை மேடைக் கருவியை நெட்வொர்க்கில் சேர்த்தல்

எடை காட்டுகிற கருவியில் பெரும்பாலும் ஆர்.எஸ். 232 போர்ட்தான் இருக்கும். அந்தக் கேபிள் 15 மீட்டருக்கு மேல் நம்பத்தகுந்ததல்ல. அதனால் கருவிக்குப் பக்கத்திலேயே சீரியலை ஈதர்நெட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றை வைத்து, அதிலிருந்து மீடியா கன்வெர்ட்டருக்குப் போக வேண்டும். கருவியின் மெனுவில் பாட் ரேட் (தகவல் அனுப்பும் வேகம்) என்ன என்று முதலில் பாருங்கள், 9600, 2400, 1200 மூன்றுமே உண்டு. அதையும், டேட்டா பிட், பேரிட்டி, ஸ்டாப் பிட் மூன்றையும் அப்படியே சீரியல் கன்வெர்ட்டரில் போடுங்கள். எண்ணுக்குப் பதிலாகக் கோணல் மாணலாக எழுத்து வந்தால் இதில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. எதுவுமே வரவில்லை என்றால் ஒன்பது முள் கனெக்டரில் 2, 3 முள்ளை மாற்றிப் பாருங்கள், ஒருவர் அனுப்புவது மற்றவர் வாங்குகிற முள்ளுக்குப் போக வேண்டும். 5 தரைக்கம்பி.

சீரியல் கன்வெர்ட்டரின் அடியில் அச்சிட்ட ஐ.பி. முகவரியின் வரிசைக்கே லேப்டாப்பையும் மாற்றி, பிரவுசரில் திறந்து, ஆபீஸ் நெட்வொர்க்குக்கு ஏற்ற நிலையான முகவரி ஒன்றைக் கொடுங்கள். ரௌட்டர் தானாகக் கொடுக்கிற முகவரியை நம்பினால் ஒருநாள் முகவரி மாறி எடை நின்றுவிடும். இயங்கும் முறை டி.சி.பி. சர்வர் என்று இருக்கட்டும். கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கீப் அலைவ் என்கிற வசதியை ஆன் செய்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ஆபீஸ் கம்ப்யூட்டர் கரண்ட் போய் அணைந்தால், கன்வெர்ட்டர் பழைய இணைப்பு இன்னும் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு புது இணைப்பை உள்ளே விடாது. பெட்டியை ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போட வேண்டியிருக்கிறது என்கிற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சோதனை

பிங்கை 1472 பைட் அளவில், பாக்கெட்டைத் துண்டாக்காத நிலையில், ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். சின்ன பாக்கெட் போய்ப் பெரியது தவறினால் கனெக்டரையோ டியூப்ளெக்ஸையோ பாருங்கள். ஐபெர்ஃப் என்கிற வேகம் அளக்கும் மென்பொருளை வைத்து இரண்டு திசையிலும் வேகம் பாருங்கள், ஜிகாபிட் என்றால் 900 மெகாபிட்டைத் தாண்ட வேண்டும். ஆலை மோட்டார்கள் ஓடும்போதும் ஒருமுறை பாருங்கள், ஃபைபருக்கு ஒன்றும் ஆகாது, மோட்டார் கேபிளை ஒட்டிப் போகிற அந்தக் கடைசி லேன் கேபிள்தான் காட்டிக்கொடுக்கும்.

பழைய வயர்லெஸ் லிங்க் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஃபைபரைச் செருகுங்கள். சாதாரண சுவிட்சில் இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால் பாக்கெட் வட்டம் சுற்றி மொத்த நெட்வொர்க்கையும் நிறுத்திவிடும்.

பிறகு லிங்க் போனால் இந்த வரிசையில் போங்கள். பவர் விளக்கு எரிகிறதா, இல்லையென்றால் அடாப்டர். பவர் இருந்து ஃபைபர் விளக்கு இல்லையென்றால் துடைத்துச் செருகி மீட்டரில் அளவு பாருங்கள். ஒளியே வரவில்லை என்றால் மறுமுனைப் பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு, கனெக்டரைக் கழற்றி சிவப்பு லேசர் பேனாவை அடித்துப் பாருங்கள். மடங்கிய இடத்திலும் முறிந்த பிக்டெயிலிலும் சிவப்பு கசியும், கறுப்பு உறைக்குள் மண்ணில் அறுந்திருந்தால் தெரியாது, அதற்கு ஓ.டி.டி.ஆர். (இழை எத்தனை மீட்டரில் அறுந்தது என்று காட்டும் கருவி) வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டும். ஃபைபர் விளக்கு எரிந்து லேன் விளக்கு இல்லையென்றால் லேன் கேபிளும் எல்.எஃப்.பி.யும்.

இரண்டு பெட்டிக் கதவின் உட்புறத்திலும் ஒரு தாள் ஒட்டிவிட்டு வாருங்கள். எந்தப் பக்கம் ஏ, எந்தப் பக்கம் பி, எந்த நிற இழை ஓடுகிறது, எது உபரி, அன்றைக்கு அளந்த மைனஸ் எத்தனை, தேதி. ஆலைக் கதவில் "நீலம், மைனஸ் 9.6" என்று மார்க்கரில் எழுதியிருக்கிறேன். போன தீபாவளிக்கு முன்னால் போய் அளந்தபோது மைனஸ் 9.8 இருந்தது, அதையும் கீழே எழுதிவிட்டு வந்தேன்.